பதிமூன்றாவது குப்பி

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. நிறுத்தினான். பல் தேய்த்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தான். ஒன்றைத் திரும்ப வைத்தான். மனைவி போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. கைக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

தேநீரை நின்றபடியே குடித்தான். ரொட்டியை நின்றபடியே தின்றான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் டப்பாக்கள், அவள் வைத்துவிட்டுப் போன வரிசையில் அப்படியே நின்றன. கடைசியில் இருந்தது கோதுமை டப்பா. அதன் மூடி மட்டும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, தொப்பியைச் சாய்த்துப் போட்ட ஆள் மாதிரி இருந்தது. மூடியின் மேல் ஒரு தூரிகை. மரக் கைப்பிடி, மெத்தென்ற முடி. மேடையில் சிந்திய மாவைத் தள்ள அவள் வைத்திருந்தது. இப்போது அவன் அதைக் கொண்டு கைரேகைப் பொடி தூவுகிறான். காலையில் எடுத்துப் பையில் போடுவான். வேலை முடிந்து வந்ததும் அதே மூடிமேல் வைப்பான். டப்பாவைத் தொடமாட்டான்.

ஏழரைக்கு வாசலில் மூன்று ஹாரன். மைத்துனன்.

மைத்துனன் என்றால் அவள் கூடப் பிறந்தவன். வயது இருபத்தாறு. ஒரு டயர் கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவன், அக்கா செத்த பதினாறாம் நாள் அதை விட்டுவிட்டு இவனுடைய துப்பறியும் நிலையத்தில் உதவியாளனாக வந்து உட்கார்ந்தான். நிலையம் என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு கார். அதில் கார் மைத்துனனுடையது.

"ஊர்ல இருக்கற துப்பறிவாளனெல்லாம் கொலை, கடத்தல்னு கௌரவமா இருக்கான்," என்றான் வண்டியை எடுத்தபடி. "நாம மட்டும் புழுவுக்கு ஜாதகம் வாங்கப் போறோம். என் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க வர்றவங்க கேட்டா என்ன மாமா சொல்றது?"

"உனக்குப் பொண்ணு பார்க்க யார் வர்றா?"

"அது வேற கேஸ். அதுல தடயமே இல்ல."

புழு கேஸின் கதை இதுதான். ஒரு தானிய முதலாளிக்கு நாலு கிடங்குகள். பன்னிரண்டு நாளைக்கு முன் அவர் அனுப்பிய ஒரு லோடு கோதுமை, துறைமுகத்திலிருந்து வாலைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தது. மூட்டைக்குள் கப்ரா வண்டின் புழு. தானியக்காரர்களுக்கு அதைவிடக் கெட்ட பேர் கிடையாது. ஒரு கிடங்கில் புகுந்தால் கிடங்கையே பூட்டிப் புகை போட வேண்டும்; சுவர் வெடிப்பில் தீனியே இல்லாமல் வருஷக்கணக்கில் தூங்கிவிட்டு, தானிய வாசம் வந்ததும் எழுந்து உட்காருமாம். எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முதலாளி துப்பறிவாளனைப் பிடித்தார்.

அவனும் நாலு கிடங்கிலும் தரையைக் கூட்டி, கிடங்குக்கு மூன்று குப்பி வீதம் பன்னிரண்டு குப்பிகளில் தூசி சேகரித்தான். முதல் மூன்று கிடங்கிலும் செத்த தோல்களும் உமியும்தான். நாலாம் நம்பர் கிடங்கில் மூன்று புழுக்கள், உயிரோடு.

நாலாம் நம்பரைப் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொள்பவர் ஒரு அம்மாள். எல்லாருக்கும் அவர் கிடங்கம்மா. செருப்போடு யாரையும் உள்ளே விடமாட்டார். அந்தத் தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். அப்படிப்பட்டவரை, பத்து நாளைக்கு முன், இருபது சுமைக்காரர்களுக்கு முன்னால் நிறுத்தி, குப்பியை அவர் மூக்குக்கு நேரே நீட்டிக் கேட்டான் துப்பறிவாளன்:

"இந்த மூணு பேரும் உங்க சம்பளப் பட்டியல்ல இருக்காங்களாம்மா?"

கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்கே அது நல்ல நகைச்சுவையாகப் பட்டது. பல மாதம் கழித்து வாயில் வந்த முதல் நகைச்சுவை.

கிடங்கம்மா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. "எந்தத் தரையில எடுத்தீங்க? காட்டுங்க," என்று மட்டும் கேட்டார். அதற்குள் முதலாளி கையை நீட்டிவிட்டார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் நடந்து போனார்.

இன்று நாலு மணிக்கு முதலாளி முடிவு சொல்லப்போகிறார். குப்பிகள் போயிருக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து காகிதம் கைக்கு வந்ததும் அந்த அம்மாளை நிரந்தரமாக நீக்குவது. மற்ற தானியக்காரர்களுக்கும் ஒரு வரி எழுதிப் போடுவது. அந்த வரி போனால் ஐம்பத்தாறு வயதில் அவருக்கு எந்தக் கிடங்கும் கதவு திறக்காது.

ஆய்வுக்கூடத்தின் படியேறும்போதே மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "பூச்சி மேடம் முன்னாடி எதையும் தொடாதீங்க. போன தடவை அவங்க பேனாவைத் தொட்டதுக்கு என்னையே குப்பியில அடைச்சுடுவாங்க போலப் பார்த்தாங்க."

பூச்சி மேடம் என்பது அவன் வைத்த பெயர். பூச்சிகளின் மரபணுவைப் படிப்பவர். மேஜைமேல் பதிமூன்று குப்பிகள் வரிசையாக நின்றன. அவருக்கு ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"முதல்ல நல்ல சேதி. திரும்பி வந்த மூட்டையில இருந்தது கப்ராதான். சந்தேகமே இல்ல."

"இதுல எது மேடம் நல்ல சேதி?" என்றான் மைத்துனன்.

"சந்தேகமே இல்லைங்கறதுதான். இந்தப் புழுவுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம் நிறைய. சாதுவான ஜாதி. பார்த்தா ரெட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். இருபது வருஷம் புழுவோட முடியை எண்ணி எண்ணியே என் கண்ணு போச்சு. இப்ப ஒரு காலைக் கிள்ளி எடுத்தா போதும். செத்துப்போன தோலே போதும். மரபணுவுல ஒரு துண்டைப் படிப்போம். அறுநூத்துச் சொச்சம் எழுத்து. எந்த இனம்னு அதுவே சொல்லிடும். அந்தத் துண்டு தாய்கிட்டேர்ந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். அதனால எந்தக் குடும்பம்னும் சொல்லும்."

"அப்பன் பேச்சு எடுபடாதா?"

"இந்தத் துண்டுல எடுபடாது."

"எங்க வீடு மாதிரிதான்."

பூச்சி மேடம் சிரிக்காமல் ஒரு குப்பியை முன்னே தள்ளினார். "ரெண்டாம் நம்பர் கிடங்கு. வெறும் தோல். 'சாதாரண வண்டு'ன்னு மேல எழுதியிருக்கீங்க. யார் கையெழுத்து?"

"என்னோடது," என்றான் துப்பறிவாளன்.

"சாதாரணம் இல்ல. கப்ரா. அதுவும் திரும்பி வந்த மூட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ஒரே தாய் வழி. உங்க லோடு கெட்டது ரெண்டாம் நம்பர்லதான்."

மைத்துனன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "ரெண்டாம் நம்பரைப் பார்த்துக்கறது முதலாளியோட மருமகன்! மாமா, கேஸ் முடிஞ்சுது. முதலாளி வீட்டுல இன்னிக்கு ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்காது."

துப்பறிவாளன் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னான். "நாலாம் நம்பர்?"

"அதுவும் கப்ராதான். ஆனா ஏழு இடத்துல எழுத்து மாறுது. மத்ததுங்களுக்குப் பங்காளிகூட இல்ல. வேற எங்கேயோ பிறந்து வளர்ந்த கூட்டம்."

"அப்ப நாலாம் நம்பர்ல தனியா ஒரு கூட்டம் புகுந்திருக்கு." வார்த்தைகள் முந்திக்கொண்டு வந்தன. "லோடு கெட்டதுக்கு அந்தம்மா காரணம் இல்ல. ஆனா அவங்க கிடங்குலயும் பூச்சி இருந்துச்சு. நான் பிடிச்சது சரிதான்."

பூச்சி மேடம் கடைசிக் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பதிமூன்றாவது. உள்ளே ஒரு துண்டுப் பஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

"இது என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"காலிக் குப்பி," என்றான் மைத்துனன். "நீங்க குடுத்தனுப்பினது. ஒவ்வொரு தூரிகையையும் தரையில வைக்கறதுக்கு முன்னாடி இதுல ரெண்டு தட்டு தட்டணும், வேற எதுவும் போடக் கூடாதுன்னு சொன்னீங்க. நாலு கிடங்குலயும் தட்டினேன். மாமா கூட, காலிக் குப்பிக்கு இவ்வளவு சடங்கான்னு சிரிச்சார்."

"நல்ல பிள்ளை. பாதிப் பேர் தட்டறதே இல்ல. தட்டினேன்னு எழுதிடுவாங்க." குப்பியைக் கீழே வைத்தார். "இதுல ஒண்ணுமே இருக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாத சாட்சி இது."

"திறந்துடுச்சா?"

"திறந்துடுச்சு. பஞ்சுல நாலு முடி. புழு உதிர்த்த முடி. கண்ணுக்குத் தெரியாது. படிச்சுப் பார்த்தேன். நாலாம் நம்பர்ல கிடைச்ச அதே கூட்டம். எழுத்துக்கு எழுத்து."

துப்பறிவாளன் குனிந்து பஞ்சைப் பார்த்தான்.

"தரையைத் தொடறதுக்கு முன்னாடியே தூரிகையில புழு இருந்திருக்கு," என்றார் பூச்சி மேடம் நிதானமாக. "அந்தம்மா தரையிலேர்ந்து அது தூரிகைக்கு வரல. தூரிகையிலேர்ந்துதான் தரைக்குப் போயிருக்கு. நீங்க தூசின்னு கூட்டி எடுத்தது நீங்களே கொண்டு போனது." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நாலு தூரிகையும் நான் உறையில போட்டு ஒட்டிக் குடுத்ததுதானே?"

துப்பறிவாளனின் காலுக்கடியில் பை இருந்தது. பைக்குள் தூரிகை இருந்தது.

"ஆமா," என்றான்.

மைத்துனன் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

பூச்சி மேடம் நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நிமிஷத்தில் பத்து வயது கூடிவிட்டது அவருக்கு. "அப்ப தப்பு இங்கதான். என் கூடத்துல கலந்திருக்கு. இங்க நாங்க கப்ரா வளர்க்கறதே இல்ல, எப்படின்னு புரியல. ஆனா உறையை ஒட்டினது நான்தான்." பேனாவை எடுத்தார். "நாலாம் நம்பர் முடிவு செல்லாதுன்னு எழுதித் தர்றேன். கூடத்தை மூடிச் சுத்தம் பண்ணி எல்லாச் சோதனையையும் திரும்பப் பண்ணணும். ரெண்டு வாரம் ஆகும்."

அவர் எழுதுவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல கையெழுத்து. கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

வண்டி இரண்டு திருப்பம் தாண்டும்வரை மைத்துனன் பேசவில்லை. அவன் பேசாமல் வண்டி ஓட்டி யாரும் பார்த்ததில்லை.

"மாமா. நாலாவது உறையிலிருந்த தூரிகை என் டீயில விழுந்துச்சு."

"ம்."

"நீங்க பையிலேர்ந்து உங்க தூரிகையை எடுத்தீங்க."

"ம்."

"அதையும்தான் குப்பியில தட்டினேன்."

"ம்."

மைத்துனன் சட்டென்று ஸ்டியரிங்கைத் தட்டினான். "புரிஞ்சுபோச்சு! யாரோ உங்க பைக்குள்ள புழுவைப் போட்டிருக்கான். அதனாலதான் மேடம்கிட்ட மறைச்சீங்க. எதிரி உஷாராயிடக் கூடாதுன்னு! யாரு? மருமகன். அன்னிக்கு ரெண்டாம் நம்பர்ல நமக்கு டீ வாங்கிக் குடுத்தது யாரு? அவன். நாம டீ குடிக்கும்போது பை எங்க இருந்துச்சு? அவன் மேஜையில. தன் கிடங்குப் பழியை நாலாம் நம்பர் தலையில கட்டறதுக்கு இதைவிட நல்ல வழி உண்டா?"

அருமையான கதை. ஓட்டையே இல்லை. துப்பறிவாளன் ஜன்னல் வழியே கடைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கதையைக் கொஞ்ச நேரம் ஓட விட்டான். பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் மருமகன் குற்றவாளியாக இருந்தான். அது சுகமாகவும் இருந்தது. பிறகு அதில் ஓட்டை இருப்பது அவனுக்கே தெரிந்தது. மருமகன் தன் கிடங்கிலிருந்து புழுவை எடுத்துப் போட்டிருந்தால் அது ரெண்டாம் நம்பர் கூட்டமாக இருந்திருக்கும். இது வேறு கூட்டம்.

மைத்துனனும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டான். "ஆனா ஏழு எழுத்து மாறுதே," என்று இழுத்தான். "பை ராத்திரியில எங்க மாமா இருக்கும்?"

"வீட்டுல."

"தூரிகை?"

துப்பறிவாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டேகால். "வண்டியை வீட்டுக்கு விடு."

பதினான்கு மாதமாக மைத்துனன் வாசலோடு சரி. மூன்று ஹாரன் அடிப்பான், காத்திருப்பான். இன்று சமையலறை வாசலில் வந்து நின்றதும் அவன் முகத்தில் ஒன்று வந்து போனது. பலகையில் அக்காவின் வரிசை. அக்காவின் கையெழுத்தில் டப்பாக்களின்மேல் ஒட்டிய சீட்டுகள்.

துப்பறிவாளன் டப்பாவை இறக்கி மேடைமேல் வைத்து, டார்ச்சை அடித்தான்.

கோதுமையில் பாதி மாவாகியிருந்தது. மேலே பழுப்பு நிறத்தில் சன்னமான உமி போல ஒரு படலம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு சட்டை, கழற்றிப் போட்டது. அடியில் மீதிக் கோதுமை மெதுவாக மூச்சு விட்டது. தூரிகையைத் திருப்பிப் பார்த்தான். முடிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் ஒரு கீறல். அதற்குள் முடி முளைத்த ஒரு சின்ன உடம்பு, வெளிச்சம் பட்டதும் உள்ளே நகர்ந்தது.

"பதினாலு மாசமாவா?" என்றான் மைத்துனன்.

"அவ வச்ச மாதிரியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. அதை அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தான். தினமும் காலையில் அந்தச் சாய்ந்த மூடியைப் பார்த்துவிட்டு வெளியே போவதை ஒரு மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தான். அதற்குள் ஊரையே பட்டினி போடக்கூடிய ஒரு கூட்டம் சட்டை மாற்றி மாற்றிப் பெருகியிருக்கிறது. அதைத் தன் கையாலேயே பையில் போட்டு, ஊரிலேயே சுத்தமான தரைக்குக் கொண்டுபோய் உதறி, அந்தத் தரைக்குச் சொந்தக்காரியைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அதோடு விட்டானா? 'ஆமா' என்று ஒரு வார்த்தை. ஜலதோஷத்தோடு உட்கார்ந்து ஒரு பெண் தன் பெயரைத் தானே அடித்து எழுதிக்கொண்டாள்.

மைத்துனன் தொண்டையைச் செருமினான். "ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. மேடம் எழுதிக் குடுத்துட்டாங்க. அதை அப்படியே முதலாளிகிட்ட நீட்டிடுங்க."

"ரெண்டு வாரம் ஆகும்னு அதுல இருக்கு. முதலாளி நாலு மணிக்கு வேற ஆள் கையில சாவியைக் குடுக்கறார்."

"சரி, அப்ப தூரிகை என்னோடதுன்னு சொல்லுங்க. டீயில போட்டவன் நான்தானே? என் வீட்டுப் புழுன்னு சொல்லிடலாம். என் அறையைப் பார்த்தவங்க யாரும் மறுக்க மாட்டாங்க."

"வேண்டாம்."

"எனக்கென்ன மாமா, நான் கூட வர்ற ஆளு. அக்கா என்னைப் பார்த்துக்கச் சொல்லி உங்ககிட்ட சொல்லிட்டுப் போனா. உங்களைப் பார்த்துக்கச் சொல்லி யாரும் என்கிட்ட சொல்லல. நானாத்தான் பண்றேன்."

துப்பறிவாளன் தொலைபேசியை எடுத்தான்.

"மேடம். நாலாவது தூரிகை நீங்க குடுத்தது இல்ல. என்னோடது. பொய் சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் ஒரு தும்மல். "புழு எங்க இருக்கு?"

"என் வீட்டுக் கோதுமை டப்பாவுல."

"எழுதின காகிதத்தைக் கிழிச்சுப் போடுங்க. வேற எழுதறேன். பத்துப் புழுவைக் குப்பியில எடுத்துக் குடுத்தனுப்புங்க, படிச்சு உறுதி பண்ணிடலாம். மிச்சத்தை எரிச்சுடுங்க. தூரிகை, பை, எல்லாம். பலகை வெடிப்பையும் பாருங்க." கொஞ்சம் நிறுத்தினார். "என் முகத்தைப் பார்த்து எப்படிங்க 'ஆமா'ன்னீங்க?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "டப்பாவை முதல்ல மூடுங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பத்துப் புழுவைக் குப்பியில் எடுத்தான். டப்பாவின் மூடியை நேராக்கி உள்ளங்கையால் அழுத்தினான். க்ளக் என்று உட்கார்ந்தது. ஒரு வினாடி வேலை.

நாலாம் நம்பர் கிடங்கு முற்றத்தில் அதே இருபது சுமைக்காரர்கள். முதலாளி நாற்காலியில். பக்கத்தில் சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு ஒரு புது ஆள். தூணோரமாகக் கிடங்கம்மா, கையைக் கட்டிக்கொண்டு. வெளுத்துத் தேய்த்த உடை. நீக்கப்படுவதற்குக்கூடச் சுத்தமாக வந்திருந்தார்.

துப்பறிவாளன் முதலில் ரெண்டாம் நம்பர் விஷயத்தைச் சொன்னான். முதலாளியின் முகம் மாறியது. "உள்ள போய்ப் பேசிக்கலாம் வாங்க," என்று எழுந்தார்.

"அன்னிக்கு வெளியில வச்சுத்தான் பேசினேன்," என்றான். "மிச்சத்தையும் இங்கயே சொல்லிடறேன்."

சொன்னான். காலிக் குப்பி. நாலு முடி. தூரிகை. தன் சமையலறை, தன் டப்பா. குரல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டியிருந்தது. "இந்தம்மா கிடங்குல பூச்சி இல்ல. இருந்த மூணும் நான் கொண்டு வந்தது."

பின்வரிசையிலிருந்து ஒரு சுமைக்காரர், வயதானவர், துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"அப்ப அந்த மூணு பேரும் உங்க சம்பளப் பட்டியல்லயா சார் இருந்தாங்க?"

கொல்லென்று சிரித்தார்கள். அன்றைக்குச் சிரித்ததைவிட நீளமாக. மைத்துனன்கூட வாயைக் கையால் பொத்திக்கொண்டான். காது மடல் சூடாகி, கழுத்து வழியாக வேர்வை இறங்குவதைத் துப்பறிவாளன் உணர்ந்தான்.

"ஆமா," என்றான். இன்று சொன்ன இரண்டாவது 'ஆமா'.

கிடங்கம்மா அன்றும் சிரிக்கவில்லை, இன்றும் சிரிக்கவில்லை. தூணை விட்டு வந்தார். புது ஆளின் விரலிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றிக்கொண்டார்; முதலாளியை ஒரு பார்வைகூடப் பார்த்து அனுமதி கேட்கவில்லை. முதலாளியும் தடுக்கவில்லை. அவருக்கு இப்போது மருமகன் கவலை.

"எந்தத் தரையில எடுத்தீங்க?" என்றார் கிடங்கம்மா. "காட்டுங்க."

"உங்ககிட்ட மன்னிப்பு..."

"அதை வச்சுக்க என்கிட்ட இடமில்ல. உங்க பையோட சேர்த்து வெளியிலயே வைங்க. செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினான். வடகிழக்கு மூலையைக் காட்டினான். அவர் மண்டியிட்டு, விளக்கை அருகில் வைத்து, சுவரும் தரையும் சேரும் கோட்டை விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். கத்தி முனையால் கீறிப் பார்த்தார். அவன் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டே இருந்தான். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்தார்.

"எதுவும் இறங்கல. இருந்தாலும் இந்த மூலையை ஒரு வருஷம் தினமும் பார்க்கணும். பத்து நாளா எவனும் கூட்டக்கூட இல்ல, பாருங்க தூசியை." விரலை அவனுக்குக் காட்டினார். பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "வீட்டுல பொம்பள இல்லையா?"

"இல்ல."

"அதுக்காக டப்பாவை மூடாம விடுவாங்களா?" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கப் போனார்.

கிடங்குக்குப் பின்னால், கிழிந்த சாக்குகளை எரிக்க ஒரு இரும்புப் பீப்பாய் இருந்தது. வெயில் இன்னும் இறங்கவில்லை. மைத்துனன் தீ மூட்டினான். கட்டிக்கொண்டு வந்த டப்பா உள்ளே போனது. பை போனது. தூரிகையை மட்டும் துப்பறிவாளன் கையில் வைத்துக்கொண்டிருந்தான். அதன் கைப்பிடியில், கட்டைவிரல் படும் இடத்தில், லேசான பள்ளம். அவள் விரல் தேய்த்த பள்ளம். போட்டுவிட்டான். முடி முதலில் பற்றியது.

"அவ உன்னைப் பார்த்துக்கச் சொல்லல," என்றான்.

மைத்துனன் குச்சியால் தீயைக் கிளறினான். "தெரியும்."

"எப்படி?"

"'தம்பியைப் பார்த்துக்கோங்க'ன்னு சொன்னதா சொன்னீங்க. பிறந்ததுலேர்ந்து அவ என்னைத் தம்பின்னு கூப்பிட்டதே இல்ல. குரங்குன்னுதான் கூப்பிடுவா. சாகும்போது மட்டும் மரியாதை வந்துடுமா? நீங்கல்லாம் என்ன துப்பறியறீங்க?"

"அப்ப ஏன் வேலையை விட்டுட்டு வந்தே?"

"அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு பொய் சொன்னீங்க. வீணாப் போக வேண்டாம்னு பார்த்தேன்." புகை கண்ணில் பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஆஸ்பத்திரியில நிஜமா எதுவும் சொல்லலையா?"

"நான் போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஒருத்தனைப் பின்தொடர்ந்துட்டு இருந்தேன். போனை அணைச்சு வச்சிருந்தேன்." துப்பறிவாளன் கையைப் பேண்டில் துடைத்தான். "காலையில அவ வேலைக்குக் கிளம்பும்போது சொன்னதுதான் கடைசி. வாசல்ல, ஒரு கால்ல செருப்பு மாட்டிக்கிட்டு. நான் பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கல. 'ம்'னேன்."

"என்ன சொன்னா?"

தீயில் டப்பாவின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

"'கோதுமை டப்பாவைச் சரியா மூடாம வந்துட்டேன். கொஞ்சம் அழுத்தி மூடிடுங்க, பூச்சி வந்துடும்.'"